ஒரே வேலைக்கு ஒன்பது சிப்! விமானத்துக்குள் நடப்பதெல்லாம் தெரியுமா?

1 லட்சத்து 14 ஆயிரம் ஆண்டுகள்! ஒரு விமானம் இத்தனை ஆண்டுகள் இரவு பகலாகத் தரையிறங்காமல் பறந்தாலும், அதை வீழ்த்தக்கூடிய ஒரு குறிப்பிட்ட கோளாறு சராசரியாக ஒரு தடவைக்கு மேல் தலைகாட்டக் கூடாது. பயணிகள் விமானத்தின் எலெக்ட்ரானிக்ஸை வடிவமைக்கும் ஏவியானிக்ஸ் இன்ஜினீயர்களுக்கு விதிக்கப்பட்டிருக்கும் இலக்கு இதுதான். 100 கோடி பறக்கும் மணி நேரத்துக்கு ஒன்று!

இதைவிட மலைக்கவைக்கும் சங்கதி ஒன்று உண்டு. உலகத்தில் தயாராகும் எந்தச் சிப்பும், எந்தக் கெப்பாசிட்டரும் அவ்வளவு காலம் உழைக்காது. கெட்டுப்போகிற பாகங்களை வைத்துக்கொண்டுதான் கெட்டுப்போகாத ஒன்றைக் கட்டியாக வேண்டும்! அதனால் இந்தத் துறையில் சீனியர் இன்ஜினீயராக இருப்பவரின் நேரம் சர்க்யூட் வரைவதில் போவது கொஞ்சம்தான். இந்த ரெசிஸ்டர் அறுந்துபோனால் என்ன ஆகும்? ஷார்ட் ஆனால்? மதிப்பு மாறினால்? பைலட்டுக்குத் தெரியவருமா, வராதா? போர்டில் இருக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் இப்படி எழுதி, பதில் சொல்லி, கையெழுத்துப் போட வேண்டும். தான் செய்த பெட்டியைத் தானே நம்பாமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அந்த அவநம்பிக்கையின் மேல்தான் நாமெல்லாம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு பறக்கிறோம்.

1994 ஜூன் 12 அன்று முதன்முதலில் பறந்த போயிங் 777-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பைலட்டின் கட்டளையை இறக்கைக்கும் வாலுக்கும் கொண்டுசேர்க்க மூன்று கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று தனித்தனித் தடங்கள். ஆக மொத்தம் ஒன்பது! அதிசயம் எண்ணிக்கையில் இல்லை. ஒரு பெட்டிக்குள் இருக்கும் மூன்று தடங்களில் ஒன்றில் இன்டெல் 486, இன்னொன்றில் மோட்டோரோலா 68040, மூன்றாவதில் ஏஎம்டி 29050! எதற்கு மூன்று கம்பெனி? எல்லாம் ஒரே சிப்பாக இருந்து, அந்தச் சிப்பின் வடிவமைப்பிலேயே பிழை இருந்துவிட்டால், ஒன்பதும் ஒரே நொடியில் ஒரே தப்பைச் செய்யும். சரிபார்க்க ஆளே இருக்காது. இது அதீத பயம் என்று நினைக்கிறீர்களா? அதே 1994-இல்தான் இன்டெல்லின் புத்தம்புது பென்டியம் சிப் சில வகுத்தல் கணக்குகளைத் தப்பாகப் போடுகிறது என்று அம்பலமானது!

ஏர்பஸ் இதே யோசனையோடு முன்பே கிளம்பிவிட்டது. 1987 பிப்ரவரி 22 அன்று பறந்த ஏ320, பைலட்டின் கட்டளையைக் கம்ப்யூட்டர் வழியே மின்கம்பியில் அனுப்பும் டிஜிட்டல் ஃப்ளை-பை-ஒயரில் ஓடும் முதல் பயணிகள் விமானம். அதில் ஈலாக் என்ற பெட்டிகள் இரண்டு, செக் என்ற பெட்டிகள் மூன்று. ஈலாக்கில் மோட்டோரோலா சிப், செக்கில் இன்டெல் சிப். செய்த கம்பெனிகளும் வேறு வேறு. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு பாதி கட்டளையிடும், மறு பாதி வேவு பார்க்கும். இரண்டின் கணக்கும் ஒத்துவராவிட்டால் பெட்டி தன்னைத்தானே அணைத்துக்கொண்டு வேலையை அடுத்த பெட்டியிடம் விட்டுவிடும்!

இப்படி வேறு வேறாகச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1996 ஜூன் 4-ஐப் பாருங்கள். ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணம். திசையறியும் கருவி ஒன்று பழுதானால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு வைத்திருந்தார்கள். ஆனால் இரண்டிலும் ஒரே சாஃப்ட்வேர். ஏரியன் 4-இல் ஓடியதை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். புது ராக்கெட்டின் வேகத்தில் ஓர் எண் 16 பிட்டுக்குள் அடங்காமல் பெருத்துவிட்டது. ஒரு கருவி செத்தது, இன்னொன்றும் அதே காரணத்தால் செத்தது. புறப்பட்ட 40 நொடிக்குள் ராக்கெட் சிதறியது. ராக்கெட் மேலே கிளம்பிய பிறகு அந்தக் கணக்கே தேவையில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்!

இனி சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

விமானத்துக்குள் பெட்டிகள் ஒன்றோடொன்று பேச ஏரிங்க் 429 என்று ஒரு முறை உண்டு. வேகம் நொடிக்கு வெறும் 100 கிலோபிட்! உங்கள் போனின் இன்டர்நெட்டோடு ஒப்பிடவே முடியாத வேகம், ஆனால் பேசுபவர் ஒருவர், மற்றவர்கள் கேட்பவர்கள் என்பதால் குழப்பத்துக்கே இடமில்லை. ஒவ்வொரு செய்தியும் 32 பிட். அதில் 8 பிட், பார்சலின் மேல் ஒட்டிய முகவரிச் சீட்டு மாதிரி. உள்ளே இருக்கும் எண் உயரமா, வேகமா, கோணமா என்று அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

2008 அக்டோபர் 7. சிங்கப்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குக் குவாண்டாஸ் 72. ஏர்பஸ் ஏ330. 303 பயணிகள், 12 ஊழியர்கள். 37,000 அடி உயரத்தில், தெளிவான பகலில் சீராகப் பறந்துகொண்டிருந்தது. காற்றுத் தகவல்களைத் திரட்டும் மூன்று பெட்டிகளில் ஒன்று திடீரென்று சீட்டை மாற்றி ஒட்ட ஆரம்பித்தது! உயரத்துக்கான எண்ணின் மேல், விமானம் காற்றை எதிர்கொள்ளும் கோணத்துக்கான சீட்டு. நாலைந்து டிகிரிகூட இருக்க வேண்டாத இடத்தில் 50 டிகிரி என்று செய்தி போனது. 50 டிகிரி என்றால் விமானம் மூக்கை அளவுக்கு மீறித் தூக்கிக்கொண்டு விழப்போகிறது என்று அர்த்தம்!

கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர் ஏமாந்துவிடவில்லை. இப்படித் திடீரென்று எகிறும் எண்ணை ஒதுக்கிவிட்டு, கடைசியாக வந்த நல்ல எண்ணையே 1.2 நொடிக்கு வைத்திருக்கும்படி வடிவமைத்திருந்தார்கள். அருமையான ஏற்பாடு. ஆனால் முதல் பொய்க்குச் சரியாக 1.2 நொடி கழித்து இரண்டாவது பொய் வந்தால்? அந்த ஒரு கீற்று இடைவெளி யார் கண்ணிலும் பட்டிருக்கவில்லை. பொய் உள்ளே நுழைந்துவிட்டது. கம்ப்யூட்டர் விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்தியது. பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் காயம். சில நிமிடங்களில் மறுபடியும் ஒரு முறை! லியர்மான்த் என்ற இடத்தில் விமானத்தைப் பத்திரமாக இறக்கினார்கள், உயிரிழப்பு இல்லை. ஏ330, ஏ340 ரக விமானங்கள் பறந்த 2.8 கோடிக்கும் மேற்பட்ட மணி நேரத்தில் இந்த ஓட்டை வெளிப்பட்டது அந்த ஒரே ஒரு முறைதான்! பிறகு அந்தக் கணக்கு முறையையே மாற்றி எழுதினார்கள்.

248 நாள் கதை தெரியுமா? போயிங் 787-இன் ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் பெட்டிகளை 248 நாள் தொடர்ந்து அணைக்காமல் வைத்திருந்தால், எல்லாம் ஒரே நேரத்தில் நின்று விமானம் மின்சாரத்தை இழக்கக்கூடும் என்று 2015-இல் அமெரிக்க விமானத் துறை எச்சரித்தது. அதென்ன 248? நொடியை நூறாகப் பிரித்து எண்ணிப் பாருங்கள். 31 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 214 கோடியே 74 லட்சத்துச் சொச்சம். அதை நூறால் வகுத்து நாளாக்கினால் 248 நாளும் பாதியும்! சாஃப்ட்வேருக்குள் ஒரு கவுன்ட்டர் நிரம்பி வழிந்ததுதான் கோளாறு. மாற்று சாஃப்ட்வேர் வரும்வரை அவ்வப்போது முழுவதும் அணைத்துப் போடச் சொன்னார்கள்.

விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் சிப்பில் இருக்கும் 0-வை 1 ஆக்கிவிடும் என்பது தெரியுமா? விமானம் பறக்கும் உயரத்தில் இதைச் செய்யும் நியூட்ரான்கள் தரையில் இருப்பதைவிடச் சில நூறு மடங்கு அதிகம்! அதனால்தான் பல விமானப் பெட்டிகளின் மெமரியில் ஒவ்வொரு சொல்லுக்கும் (பிட்டுகளின் தொகுப்புக்கும்) பிழை திருத்தும் பிட்டுகளைச் சேர்க்கிறார்கள். 2025 அக்டோபர் 30 அன்று மெக்சிகோவின் கான்கூனிலிருந்து அமெரிக்காவுக்குப் பறந்த ஓர் ஏ320 தானாக மூக்கைத் தாழ்த்தியது. கடுமையான சூரியக் கதிர்வீச்சு ஈலாக் பெட்டியின் தகவலைக் கெடுத்துவிடக்கூடும் என்று நவம்பர் 28 அன்று ஏர்பஸ் அறிவித்தது. ஆம், மேலே பார்த்த அதே ஈலாக்! உலகம் முழுக்க சுமார் 6,000 விமானங்கள். பெரும்பாலானவற்றில் ஓரிரு நாளுக்குள் பழைய சாஃப்ட்வேரைத் திரும்ப ஏற்றிவிட்டார்கள்.

பூஞ்சணத்தைக்கூட விடுவதில்லை! விமானப் பெட்டிகளைச் சோதிக்கும் டிஓ-160 விதிகளில் அதிர்வு, இடி மின்னல், உப்புக் காற்று, மணல், புழுதி, பூச்சிமருந்து ஆகியவற்றோடு பூஞ்சணம் பிடிக்கிறதா என்பதற்கும் தனிச் சோதனை. வெள்ளீயத்திலிருந்து மயிரிழை முளைக்கும் என்பது இன்னோர் ஆச்சரியம். சுத்தமான வெள்ளீயம் பூசிய பரப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத உலோக இழை தானாக வளர்ந்து பக்கத்து இணைப்பு முனையைத் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும். 1998 மே மாதம் கேலக்ஸி 4 செயற்கைக்கோள் இப்படிப்பட்ட கோளாறில் திசைமாற, அமெரிக்காவின் பெரும்பாலான பேஜர்கள் ஒரே நாளில் ஊமையாயின! ஈயம் கலந்த சாலிடரை வீட்டுச் சாமான்களிலிருந்து உலகம் விரட்டிய பிறகும் விமானத் துறை அதைக் கைவிடாததற்கு ஒரு முக்கியக் காரணம் இது.

நம் தேஜஸ் போர் விமானத்தைப் பற்றிச் சொல்லாமல் எப்படி? வேண்டுமென்றே நிலையில்லாமல் வடிவமைத்த விமானம் அது. சட்டென்று திரும்ப அது உதவும், ஆனால் கம்ப்யூட்டர் நொடிதோறும் பிடித்துக்கொண்டே இருக்காவிட்டால் பறக்காது. அதற்காக நான்கு தடமுள்ள டிஜிட்டல் கட்டுப்பாடு. 1998 மே மாதப் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா தடை விதித்ததால், இந்தக் கட்டுப்பாட்டு வேலையில் கூடவே இருந்த லாக்ஹீட் மார்ட்டினின் உதவி பாதியில் நின்றது. பெங்களூரு இன்ஜினீயர்கள் மிச்சத்தைத் தாங்களே முடித்தார்கள். 2001 ஜனவரி 4 அன்று தேஜஸ் பறந்தது! இன்று கோவைக்குப் பக்கத்தில் சூலூர் வானத்தில் இரையும் தேஜஸ்களுக்குள் இருப்பது அந்த உழைப்புதான்.

இதற்கெல்லாம் தொடக்கம் எங்கே தெரியுமா? நிலாவுக்குப் போன அப்பல்லோ கம்ப்யூட்டரில்! அதன் நிரந்தர மெமரியை அமெரிக்காவின் வால்தம் நகரில், ரேதியான் கம்பெனியில் பெண்கள் கையால் பின்னினார்கள். மெல்லிய செம்புக் கம்பி காந்த வளையத்துக்குள்ளே நுழைந்தால் 1, வெளியே போனால் 0. மொத்தம் 36,864 சொற்கள்! அந்தக் கம்ப்யூட்டரை ஓர் எஃப்-8 போர் விமானத்தில் வைத்து 1972 மே 25 அன்று பைலட் கேரி க்ரியர் ஓட்டினார். இணைப்புக் கம்பியோ தண்டோ எதுவும் மாற்றாக இல்லாமல் டிஜிட்டல் கம்ப்யூட்டரைப் பிரதானமாக நம்பிப் பறந்த முதல் விமானம் அது. நிலாக் கம்ப்யூட்டரையே பயன்படுத்துங்களேன் என்று யோசனை சொன்னவர் நீல் ஆம்ஸ்ட்ராங்!

இத்தனை வியப்புக்கும் நடுவில் 346 உயிர்களை மறக்க முடியாது. 2018 அக்டோபர் 29, 2019 மார்ச் 10 என்று அடுத்தடுத்து இரண்டு போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்தன. மூக்கைக் கீழே தள்ளும் ஒரு சாஃப்ட்வேர் ஒரே ஒரு கோண சென்சாரின் பேச்சை நம்பியது. அதே விமானத்தில் இரண்டாவது சென்சார் இருந்தும் அதைக் கேட்கவில்லை! சந்தேகப்பட வேண்டிய இடத்தில் சந்தேகப்படாமல் போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஈசிஇ படிக்கும் தம்பி தங்கைகளே, குவாண்டாஸ் 72 பற்றி ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் 2011 டிசம்பரில் வெளியிட்ட இறுதி அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எண் ஏஓ-2008-070. அந்த 1.2 நொடியை எப்படித் தேடிக் கண்டுபிடித்தார்கள் என்று அதில் வரிவரியாக இருக்கிறது. அடுத்த லீவில் அதை எடுத்துப் படியுங்கள்!