திருக்கச்சி நம்பிகளும் தர்ம நிர்ணயமும்

சென்னைக்கு மேற்கேயுள்ள பூவிருந்தவல்லி திருக்கச்சி நம்பிகளின் அவதார ஸ்தலம். அவ்வூர் வரதராஜப் பெருமாள் கோயிலில் அவருக்குத் தனிச் சந்நிதி உண்டு. மாசி மிருகசீர்ஷத்தில் வைசிய குலத்தில் அவதரித்த இம்மஹான், காஞ்சியில் தேவப்பெருமாளுக்குத் திருவாலவட்டக் கைங்கர்யம் செய்து, அப்பெருமாளோடு வார்த்தையாடும் பேறு பெற்றவர். இவரைத் தம் திருமாளிகையில் அமுது செய்வித்து, இவருடைய சேஷத்தை உண்ண வேண்டுமென்று இளையாழ்வார் (பின்னாளில் எம்பெருமானார்) ஆசைப்பட்டது குருபரம்பரையில் ப்ரஸித்தம். ஒரு செயலை நன்று என்றும் தீது என்றும் ஆக்குவது எது என்னும் கேள்விக்கு, இதனினும் கூர்மையான இடம் நம் ஸம்ப்ரதாயத்தில் அரிது.

நம்பிகள் இளையாழ்வார் இல்லாத வேளையில் எழுந்தருளி, விரைவாக அமுது செய்து, கைங்கர்யத்துக்கு நேரமாயிற்றென்று புறப்பட்டுவிட்டார். தஞ்சமாம்பாள் இலையை அப்புறப்படுத்தி, இடத்தைச் சுத்தி செய்து, தானும் நீராடி, வேறு தளிகையில் இறங்கினாள். திரும்பி வந்த இளையாழ்வார் மிகவும் நொந்தார்.

தஞ்சமாம்பாள் வேண்டுமென்று பிழை செய்தவளல்லள். பெரியோரிடம் கற்ற ஆசாரத்தையே செய்தாள். அவள் நெஞ்சம் உறுத்தியிருக்கக் காரணமில்லை. அவரவர் மனத்துக்குச் சரியென்று பட்டதே தர்மம் என்றால், அவளிடம் குற்றம் காண வழியில்லை. ஊர் வழக்கமே தர்மம் என்றாலோ, அவளே நேர்வழி நின்றவள். மீற முயன்றவர் இளையாழ்வாரே. பூர்வர்கள் இவ்விரண்டு அளவுகளையும் ஏற்கவில்லை.

நம்பிகளின் நிலை இன்னும் நுட்பமானது. வெளிப்பார்வைக்கு அவரும் வர்ண மர்யாதையைக் காத்தவரே. இளையாழ்வார் தம்மை வணங்க இசையாதவர். ஆனால் அவரிடம் அது நைச்சியாநுஸந்தானம். தஞ்சமாம்பாளிடமோ அதே மர்யாதை ஒரு பாகவதரைப் பிறப்பால் அளந்ததாய் முடிந்தது. தன்னைத் தாழ்த்திக்கொள்ள ஒருவர் எடுத்த கோலைக் கொண்டே மற்றவர் அவரை அளக்கலாகாது.

அப்படியானால் எல்லாம் கருத்தைப் பொறுத்ததுதானோ எனில், அன்று. ஆளவந்தாரின் சிஷ்யரான மாறனேரி நம்பிக்குப் பெரிய நம்பிகள் சரம கைங்கர்யம் செய்தபோது ஊரார் சீறினர். உலகம் தெளிய வேண்டி எம்பெருமானாரே காரணம் கேட்டார். தம் மனம் அப்படிச் சொல்லிற்று என்று பெரிய நம்பிகள் விடை கூறவில்லை. ஜடாயுவுக்குச் சக்ரவர்த்தித் திருமகன் செய்த ஸம்ஸ்காரத்தையும், விதுரர் திறத்தில் தர்மபுத்ரர் நடந்துகொண்டதையும் எடுத்துக் காட்டி, தாம் அவர்களினும் மேம்பட்டவரோ, மாறனேரி நம்பி இவர்களினும் தாழ்ந்தவரோ என்று கேட்டார். ஸாமாந்ய தர்மத்தைக் கடந்த செயலுக்கும் ப்ரமாணம் வேண்டும்; சிஷ்டாசாரம் வேண்டும். ஆசார்ய ஹ்ருதயம் இத்தகைய நிகழ்ச்சிகளை ஒருங்கே தொகுத்திருப்பது இதற்காகவே.

இவ்விஷயத்தில் ஆசார்யர்களிடையே பேதம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. பாகவதரின் பிறப்பை ஆராய்வதையே பெரும் அபசாரமாக ஸ்ரீவசனபூஷணம் கொள்கிறது. வேதாந்த தேசிகரோ, ரஹஸ்யத்ரயஸாரத்தின் ப்ரபாவவ்யவஸ்தாதிகாரத்தில், பாகவதப் பெருமையை இசைந்துகொண்டே, சரீரம் உள்ளவரை ஜாதி வ்யவஸ்தை நீங்காது என்று நிர்வஹிக்கிறார். இருவரும் ஒரே ப்ரமாணங்களைக் கொண்டு வாதிப்பதால்தான் இது விவாதமாகிறது. அவரவர்க்கு அவரவர் தர்மம் என்றிருந்தால் கண்டனத்துக்கும் ஸமாதானத்துக்கும் என்ன வேலை?

அறியாமல் செய்தவளிடம் கடுமை தகுமா என்பது தனிக் கேள்வி. இளையாழ்வார் இந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு தஞ்சமாம்பாளைப் பிரியவில்லை. பெரிய நம்பிகளின் தேவிகளோடு கிணற்றடியில் நேர்ந்த பூசலுக்குப் பின்னரே அவர் துரீயாச்ரமம் ஸ்வீகரித்தார்.