பந்து உருளுமுன்னே!

நடந்து முடிந்ததைப் பேசுவதைக் காட்டிலும் நடக்கப்போவதைப் பேசுவதிலேயே மனிதனுக்கு விருப்பம் அதிகம். மழை வருமா, மிளகு விலை ஏறுமா, பரீட்சையில் எந்த வினா வரும் என்று நாளெல்லாம் ஆரூடம் சொல்லிக்கொண்டே வாழ்கிறோம். ஆடி கழிந்து ஆவணி பிறக்கும் தறுவாயில் மாத்தளை இளைஞரிடையே இவற்றோடு இன்னோர் ஆரூடமும் சேர்ந்துகொள்கிறது. இங்கிலாந்தின் பிறீமியர் லீக் உதைபந்தாட்டப் பருவம் தொடங்கப்போகிறது. இம்முறை கிண்ணம் எவருக்கு? தேநீர்க் கடையிலும் சலூனிலும், உக்குவளைக்கும் இரத்தோட்டைக்கும் செல்லும் பஸ் வண்டிகளிலும், பாடசாலை மதிலோரத்திலும் இதே பேச்சுத்தான்.

கண்ணாலும் கண்டிராத ஊர்களின் அணிகளைப் பற்றிப் பிள்ளைகள் 'நாங்கள்' என்றும் 'எங்கள் அணி' என்றும் உரிமை கொண்டாடுவதைக் கேட்டுப் பெரியவர்கள் நகைப்பதுண்டு. வீட்டுக் கணக்கைச் செய்யாதவன் லிவர்பூலின் கணக்கைப் பார்க்கிறானே என்று தாய்மார் அலுத்துக்கொள்வதும் உண்டு. அங்கே பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம் அவர்களுடைய கோடைகாலத்தில் நமக்கு இரவு ஏழரை மணி. ஒக்டோபர் இறுதியில் அவர்கள் கடிகாரத்தைப் பின்வைத்த பின்னர் எட்டரை மணி. தொலைக்காட்சிப் பெட்டி எவர் வசம் என்ற வீட்டுப் போர் மூள்வதற்கு இதனினும் பொருத்தமான வேளை வேறில்லை!

ஆயினும், இவ்விவாதத்தை வெட்டிப் பேச்சென்று தள்ளிவிடலாமா? சற்றே செவிகொடுத்துக் கேட்டால், அதனுள்ளே பழைய சாத்திரம் ஒன்று புதிய ஆடை உடுத்து நிற்பதைக் காணலாம்.

வலியும் காலமும் இடமும்

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அரசனுக்கு உரைத்தவைதாம் அவை. எனினும் நம் இளைஞர் உதைபந்தாட்டத்தைப் பற்றி வாதிடும்போது, தம்மை அறியாமலே அம்மூன்று அதிகாரங்களுக்கும் உரை செய்கின்றனர்.

பிறீமியர் லீக்கிலே இருபது அணிகள். ஒவ்வோர் அணியும் ஏனைய பத்தொன்பது அணிகளையும் தன் மைதானத்தில் ஒரு முறையும் அவற்றின் மைதானத்தில் ஒரு முறையுமாகச் சந்திக்கிறது. ஆக, ஓர் அணிக்கு 38 ஆட்டங்கள். பருவம் முழுவதிலும் 380 ஆட்டங்கள். வெற்றிக்கு மூன்று புள்ளிகள்; சமநிலைக்கு ஒன்று. ஆகஸ்ட் தொடங்கி மே வரை நீளும் இவ்வோட்டத்தில் இறுதி மூன்று இடங்களைப் பெறுவோர் கீழ்ப்பிரிவுக்கு இறங்கவேண்டும்.

முன்வரிசை வீரர் எவர், காயமுற்றோர் எவர், அவர்க்குப் பதிலாக இறங்கத்தக்கார் உளரா என்று ஆராய்வது வலியறிதல். நத்தார் காலத்தில் சில நாள்களுக்கு ஓர் ஆட்டமாக நெருங்கி வரும் அட்டவணையை எவ்வணி தாங்கும் என்று எண்ணுவது காலமறிதல். சொந்த மைதானத்தில் ஆடுவதா, அயலார் மைதானத்தில் ஆடுவதா என்று பார்ப்பது இடனறிதல். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இவ்வளவையும் மனத்தில் நிறுத்தி, எதிராளியின் வாதத்தையும் கேட்டு, மறுமொழி கூறுகிறான் என்றால் அவன் சிந்திக்கப் பழகுகிறான் என்றே கொள்ளவேண்டும். அதே கூர்மையை வரலாற்றுப் பாடத்திலும் காட்டமாட்டானா என்று ஆசிரியர் ஏங்குவது வேறு கதை.

கணக்குப் பொய்த்த கதை

இத்தனை கணக்கும் பொய்த்துப்போவதுண்டு என்பதுதான் இவ்விளையாட்டின் சுவை. லெஸ்டர் சிற்றி என்னும் கழகம் 2014ஆம் ஆண்டு நத்தார் வேளையில் பட்டியலின் கடைசி இடத்தில் கிடந்தது. இறுதிக் கட்டத்தில் அரும்பாடுபட்டுப் பதினான்காம் இடத்தைப் பிடித்துத் தப்பியது. அடுத்த பருவம் தொடங்குமுன், அவ்வணி முதலிடம் பெறுவதற்குப் பந்தய நிறுவனங்கள் ஒன்றுக்கு ஐயாயிரம் தருவதாகக் கூறின; அஃதாவது, நடக்கவே நடக்காது என்றன. 2016 மே மாதத்தில் லெஸ்டர் சம்பியனாயிற்று! 38 ஆட்டங்களில் மூன்றே மூன்று தோல்விகள், 81 புள்ளிகள், இரண்டாம் இடம் பெற்ற ஆர்சனலுக்கும் அதற்கும் பத்துப் புள்ளி இடைவெளி.

இத்தகைய வியப்புக்கு உதைபந்தாட்டம் இடங்கொடுப்பதேன்? கிரிக்கெட்டிலே நூற்றுக்கணக்கில் ஓட்டங்கள் குவிகின்றன. உதைபந்தாட்டத்திலோ ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக இரண்டு மூன்று கோல்களே விழுகின்றன. எண்ணிக்கை குறையக் குறைய ஒரு சறுக்கல், கம்பத்தில் பட்டுத் திரும்பும் ஒரு பந்து, நடுவரின் ஒரு விசில் ஆகியவற்றின் பெறுமதி உயர்ந்துவிடுகிறது. நலிந்தவன் வலியவனை ஒரு நாளிலே வீழ்த்திவிடலாம். முப்பத்தெட்டு ஆட்டங்களில் அந்த அதிர்ஷ்டம் பெரும்பாலும் சமன்செய்யப்பட்டுவிடும். எனவேதான் ஒன்பது மாதம் நிலைத்து நின்ற லெஸ்டரின் வெற்றியை உலகம் இன்றும் பேசுகிறது. இந்தக் கதையைக் கேட்டுப் பணம் வைத்துப் பந்தயம் பிடிக்கத் துணிவோர், அதே கழகம் 2023இல் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியதையும் நினைவிற் கொள்வது நன்று. வாயால் வாதிடுவதற்குச் செலவில்லை. மடியை அவிழ்த்தால் குடும்பம் அல்லலுறும்.

நம்பிக்கைக்கும் பொறுமை வேண்டும். 1990இல் இங்கிலாந்தின் சம்பியனான லிவர்பூல், மறுபடியும் அப்பட்டத்தைப் பெற 2020 வரை காத்திருந்தது. முப்பது ஆண்டுகளாக ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் 'இம்முறை நாங்களே' என்று கூறி நகைப்புக்கு ஆளானவர்கள், ஈற்றிலே தாமும் நகைத்தனர்.

இரசிகன் வெறும் பார்வையாளனா?

இத்தனை பேச்சும் ஆட்டத்தை ஓர் அணுவளவேனும் அசைக்குமா என்று கேட்கலாம். தொலைக்காட்சியின் முன்னே அசைக்காது. மைதானத்தின் ஓரத்தில் அசைக்கும். கொள்ளைநோய் காரணமாக 2020 மே மாதத்தில் ஜேர்மனியின் முதற்பிரிவு ஆட்டங்கள் வெற்று அரங்குகளில் நடைபெற்றன. அப்போது, சொந்த மைதானத்தில் ஆடிய அணிகளுக்கு வழமையாகக் கிட்டும் அனுகூலம் குறைந்துபோனதை ஆய்வாளர் கண்டனர். முதலைக்கு நீர்நிலை எப்படியோ, அப்படியே அணிக்குத் தன் ஊர்ச் சனத்தின் ஆரவாரம் என்பது இதனால் விளங்கும்.

அந்த ஆரவாரம் ஒரு தேசத்தையே நிமிரச் செய்ததும் உண்டு. 1911 ஜூலை 29ஆந் திகதி கல்கத்தாவில் மோகன் பாகான் கழகம், ஐ. எவ். ஏ. கேடய இறுதியாட்டத்தில் கிழக்கு யோர்க்‌ஷயர் படைப்பிரிவின் அணியை இரண்டுக்கு ஒன்று என்ற கோல் கணக்கில் வென்றது. வங்காளத்து வீரருள் ஒருவர் தவிர ஏனையோர் வெறுங்காலோடு ஆடினர். சப்பாத்தணிந்த ஆட்சியாளரை வெறுங்காலர் வென்ற செய்தி அரசியல் மேடைகளை விட விரைவாக மக்கள் உள்ளத்தை எட்டியது.

அதே நகரம் ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. 1980 ஆகஸ்ட் 16இல் ஈடன் தோட்ட அரங்கில் மோகன் பாகானும் கிழக்கு வங்காளக் கழகமும் மோதிய நாளில், பார்வையாளரிடையே மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 இரசிகர்கள் உயிரிழந்தனர். இறால் சமைத்து ஒரு சாரார் கொண்டாட, இலிசா மீன் சமைத்து மறுசாரார் கொண்டாடும் இனிய போட்டி, பதினாறு வீடுகளில் அடுப்பெரியாத இரவாக முடிந்தது. வாதம் பகையாகும் எல்லை எங்கே என்பதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே உணர்த்தவேண்டும்.

நம் முற்றத்து ஆட்டம்

இனி நம்மைப் பற்றி. நம் நாட்டின் உதைபந்தாட்டச் சங்கம் 1939இல் தோன்றியது. 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியக் கிண்ணப் போட்டியின் இறுதியாட்டத்தில், இந்தியாவை ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்று இலங்கை கிண்ணம் பெற்றது. லெஸ்டரின் சரிதையை மனப்பாடமாகச் சொல்லும் மாணவருள் இதை அறிந்தோர் எத்தனை பேர்?

2021இல் பத்துக் கழகங்களோடு சூப்பர் லீக் தொடங்கியது. களுத்துறையின் புளூ ஸ்டார் சம்பியனானது. நமது அயல் மாவட்டத்து நாவலப்பிட்டியிலிருந்து அப்கன்ட்ரி லயன்ஸ் என்னும் மலையகக் கழகமும் அதில் ஆடியது. இரண்டு ஆண்டுகள் கழியவில்லை. 2023 ஜனவரியில் நிருவாகத்தில் வெளியார் தலையீடு உண்டெனக் கூறி உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியது. தடை நீங்க ஆகஸ்ட் இறுதி ஆயிற்று. அதுவரை நம் தேசிய அணிக்கும் கழகங்களுக்கும் பன்னாட்டுக் களங்களில் இடமில்லை.

இங்கிலாந்தில் யார் வெல்வார் என்பதே ஐயம். ஆகஸ்டில் ஆட்டம் தொடங்கும் என்பதில் ஐயமில்லை. அந்த உறுதிதான் அங்குள்ளவனையும் இங்குள்ளவனையும் ஒருங்கே பேசவைக்கிறது. நமது ஆட்டத்துக்கும் ஒழுங்காக வரும் பருவம் வேண்டும். அதை நிருவாகிகள் தரவேண்டும். ஆனால் பேசும் கடன் நம்முடையது. எவரும் பேசாத ஆட்டத்துக்காக எந்த நிருவாகி கவலையுறுவான்?

மலைச்சரிவில் சமதரை கிடைப்பதே அரிது. அப்படியிருந்தும், கிடைத்த தோட்டத்து மைதானத்தில் மாலைதோறும் பந்து உருட்டும் பிள்ளைகள் இம்மாவட்டமெங்கும் உளர். அவர்களுள் இடக்காலால் நன்கு உதைப்பவன் எவன், கோல் காப்பவருள் உயரப் பந்தைத் தவறவிடாதவன் எவன் என்று தேநீர்க் கடையில் வாதம் நடக்கிறதா?

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். ஒரு கொப்பி எடுங்கள். பாடசாலை ஆட்டமாயினும், பேர்னாட் அலுவிகாரை மைதானத்து ஆட்டமாயினும், தோட்டங்களுக்கிடையிலான ஆட்டமாயினும், திகதி, அணிகள், கோல் அடித்தோர் பெயர் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஓராண்டு முடிந்ததும் உங்களிடம் ஒரு பருவத்தின் வரலாறு இருக்கும். அடுத்த பருவம் தொடங்குமுன், அந்தக் கொப்பியை நடுவில் வைத்துக்கொண்டு தாராளமாக வாதிடுங்கள். லிவர்பூலையும் விடவேண்டாம், அதோடு உக்குவளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.