செல்பேசியின் தலைமுறைகளும் சந்தாதாரர் உரிமையும்



செல்பேசியைக் கையாளத் தெரியாதவர் உங்களுள் ஒருவரும் இரார். எனினும், அக்கருவி எவ்வாறு பேச்சைச் சுமந்து செல்கிறது என்பதையும், அதனை இயக்கும் நிறுவனத்திற்கும் நமக்கும் இடையே உள்ள உடன்பாடு யாது என்பதையும் வினவினால், தெளிவாக விடை கூறுவோர் சிலரே ஆவர். முன்னது பௌதிகப் பாடம். பின்னது குடிமைப் பாடம். வகுப்பறையில் இவை தனித்தனியே நிற்கலாம். வாழ்க்கையில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நிறுவனம் தன் வலையமைப்பைப் புதுப்பிக்கும் போது, நம் உடன்பாடும் நாம் அறியாமலே மாறிவிடுகிறது. அம்மாற்றத்தில் முதலில் தவிப்பவர் நம் இல்லத்து முதியோரே. ஆதலின், இவ்விரு பாடங்களையும் சேர்த்தே இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் பெயரை நோக்குவோம். ‘செல்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குச் சிற்றறை என்பது பொருள். தேனடையில் அறைகள் அடுத்தடுத்து அமைந்திருப்பதைப் போல, பொறியாளர்கள் நாட்டைச் சிறு சிறு பரப்புகளாகப் பகுத்து, ஒவ்வொரு பரப்பிற்கும் ஒரு கோபுரத்தை நிறுவுகின்றனர். நாம் பேசும்போது நம் குரல் வானொலி அலையாக மாறி, அண்மையிலுள்ள கோபுரத்தை அடைகிறது. அங்கிருந்து நிலையத்திற்குச் சென்று, கேட்பவரின் அருகிலுள்ள கோபுரத்தின் வழியே அவர் செவியை எட்டுகிறது. திருச்சியிலிருந்து புறப்படும் பேருந்து கீரனூரைக் கடந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் வழியில், அதில் அமர்ந்து பேசுபவரின் பேச்சு ஒரு கோபுரத்திலிருந்து மற்றொரு கோபுரத்திற்குக் கைமாறிக் கொண்டே செல்கிறது. பேசுபவர் அதனை உணர்வதில்லை. நார்த்தாமலைப் பக்கம் குன்றுகளின் மறைவில் நுழைந்தால் மட்டும் குரல் தேய்வதை உணரலாம். கருங்கற்பாறை இவ்வலைகளை எளிதில் ஊடுருவ விடாது.

இவ்வலைகள் செல்லும் அலைவரிசைகள் வரம்புக்கு உட்பட்டவை. ஒருவர் பயன்படுத்தும் அலைவரிசையை அதே இடத்தில் மற்றொருவர் பயன்படுத்தினால் இரண்டும் குழம்பும். அதனால் மைய அரசு அவற்றைப் பகுத்து, ஏலமுறையில் நிறுவனங்களுக்கு அளிக்கிறது. 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண் உடைய அலை நெடுந்தூரம் பரவும். சுவரையும் ஓரளவு கடக்கும். 3300 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அதிர்வெண்ணில் அகன்ற அலைவரிசை கிடைப்பதால் மிகுதியான செய்தியை அனுப்பலாம். ஆயினும் அந்த அலை விரைவில் நலிந்துவிடும். ஆகவே வேகம் மிக வேண்டுமானால் கோபுரங்களும் நெருங்கி நிற்க வேண்டும். புதிய தலைமுறை முதலில் நகரங்களுக்கு வருவதும், சிற்றூர்களுக்குத் தாமதித்து வருவதும் இக்காரணம் பற்றியே என்பதை நீங்கள் எளிதில் உணரலாம்.

இனி, ‘தலைமுறை’ என்பதன் பொருளைக் காண்போம். இந்தியாவில் முதல் செல்பேசி அழைப்பு 1995 சூலை 31 அன்று நிகழ்ந்தது. மேற்கு வங்க முதலமைச்சர் திரு. ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டில்லியில் இருந்த மைய அமைச்சர் திரு. சுக்ராமுடன் பேசினார். அன்று நாம் ஏற்றது இரண்டாம் தலைமுறை. 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையில் காலத்தை எட்டுக் கூறாகப் பிரித்து, எண்மர் மாறி மாறிப் பேச இடமளிப்பது அதன் முறை. அக்காலத்தில் கட்டணம் மிகுதி. வரும் அழைப்பிற்கும் பணம் செலுத்த வேண்டும். 2003-ஆம் ஆண்டில்தான் வரும் அழைப்பு இலவசமாயிற்று.

மூன்றாம் தலைமுறையை அரசு நிறுவனங்கள் 2008, 2009-ஆம் ஆண்டுகளில் தொடங்கின. 2010 ஏலத்திற்குப் பின்னர்த் தனியாரும் தொடங்கினர். நான்காம் தலைமுறை 2012-இல் கல்கத்தாவில் தோன்றி, 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் நாடெங்கும் கடைவிரித்தபோது பட்டிதொட்டியெல்லாம் பரவத் தலைப்பட்டது. ஐந்தாம் தலைமுறை 2022 அக்டோபர் 1 அன்று டில்லியில் தொடங்கி வைக்கப்பெற்றது. உள்நாட்டிலேயே ஆக்கிய கருவிகளைக் கொண்டு பி.எஸ்.என்.எல். அமைத்த நான்காம் தலைமுறை வலையமைப்பு, 2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவிலுள்ள ஜார்சுகுடாவில் தொடங்கி வைக்கப்பெற்றது.

இத்தலைமுறைகளுக்கிடையே வேகம் மட்டுமா வேறுபடுகிறது? அன்று. முதல் இரண்டிலும் பேச்சுக்கென்று ஒரு தடம் தனியே ஒதுக்கப்படும். வாடகை வண்டியை ஒருவரே அமர்த்திக்கொள்வது போன்றது அது. நான்காம் தலைமுறையில் குரலும் படமும் எழுத்தும் சிறு சிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டு, ஒரே அஞ்சற்பையில் இட்ட கடிதங்களைப் போல ஒன்றாகச் செல்கின்றன. பழைய கருவிக்கு இப்பொதிகளைப் பிரித்துப் படிக்கத் தெரியாது. எனவே, நான்காம் தலைமுறை மட்டுமே உள்ள வலையமைப்பில் பழைய பொத்தான் செல்பேசி ஊமையாகிவிடும்.

நிறுவனங்கள் பழையதை ஏன் நிறுத்துகின்றன என்று கேட்பீர்கள். ஒரே வயலில் ஒரே பருவத்தில் நெல்லையும் நிலக்கடலையையும் விளைவிக்க இயலாது அன்றோ? அதுபோன்றே, பழைய தலைமுறைக்கு விட்டுவைத்த அலைவரிசையைப் புதியதற்குத் திருப்பினால் பன்மடங்கு செய்தி செல்லும், மின்செலவும் குறையும். இக்கருத்துப் பற்றியே ஏர்டெல் நிறுவனம் 2020-இல் தன் மூன்றாம் தலைமுறைச் சேவையை நிறுத்தியது. அமெரிக்காவில் ஏடி அண்டு டி நிறுவனம் 2022 பிப்ரவரியில் அவ்வாறே செய்தது. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், அந்த நியாயத்தின் விலையை யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

இவ்விடத்தில் உடன்பாட்டைப் பற்றிய பாடம் தொடங்குகிறது. மேலை நாடுகள் சிலவற்றில் கருவியைக் குறைந்த விலைக்குக் கொடுத்து, ஈராண்டுக் காலம் விலகக்கூடாது என்று எழுதி வாங்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இடையில் விலகினால் தண்டம் கட்ட வேண்டும். நம் நாட்டில் பெரும்பாலோர் பணத்தை முன்னரே செலுத்தும் ‘பிரீபெய்டு’ முறையினர். கையெழுத்திட்டு ஈராண்டு கட்டுண்டு கிடப்பதில்லை என்பது உண்மையே. ஆயினும், ஒவ்வொரு முறை ‘ரீசார்ஜ்’ செய்யும்போதும் ஒரு சிறு உடன்பாட்டை நாம் ஏற்கிறோம். நம் புதுக்கோட்டைச் சீமையின் பழங்கோயில்களில் நில விற்பனையையும் கொடையையும் எல்லை குறித்துக் கல்லில் வெட்டி, ஊரார் காணும் இடத்தில் நிறுத்தினர் நம் முன்னோர். இன்றைய உடன்பாடோ நுண்ணெழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், யாரும் படிக்காத இடத்தில் இருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ‘மாதத் திட்டம்’ என்று நாம் வாங்குவது பெரும்பாலும் 28 நாள் திட்டம். 13-ஐ 28-ஆல் பெருக்கினால் 364. ஆண்டிற்கு மாதம் பன்னிரண்டு. நாம் பணம் கட்டுவதோ பதின்மூன்று முறை. இது குறித்து முறையீடுகள் எழுந்தன. 1997-இல் சட்டப்படி அமைக்கப்பெற்ற இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், 2022 சனவரியில் ஓர் ஆணை பிறப்பித்தது. ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் செல்லுபடியாகும் திட்டமும், ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டமும் வைத்திருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். அவ்வாறு திட்டங்கள் இருப்பதை அறிந்து கேட்பவர்க்கே அவற்றால் பயன்.

உடன்பாடு மாறியதை அறியாமல் இடருற்ற மூதாட்டி ஒருவரை நான் அறிவேன். கீரனூருக்கு அருகே ஒரு சிற்றூரில் வாழ்பவர். மகன் வெளிநாட்டில் உழைக்கிறான். அவன் அழைத்தால் எடுத்துப் பேசுவதற்கு மட்டுமே ஒரு பொத்தான் செல்பேசி வைத்திருந்தார். வரும் அழைப்பிற்குப் பணம் வேண்டாம் என்று பல்லாண்டுகளுக்கு முன் எவரோ சொல்லியதை நம்பி, அவர் ரீசார்ஜ் செய்வதே இல்லை. ஒருநாள் மகனின் குரல் நின்றது. “வாத்தியாரய்யா, நான் யாரையும் கூப்பிடவே இல்லையே, எனக்கு எதுக்குக் காசு?” என்று என்னிடம் கேட்டார். வரும் அழைப்பு தொடர வேண்டுமானாலும் குறைந்த அளவு ரீசார்ஜ் வேண்டும் என்னும் நிபந்தனையை நிறுவனங்கள் 2018-ஆம் ஆண்டின் இறுதியில் புகுத்தின. அவ்வம்மையாருக்கு அதனை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. மேலும் சில மாதங்கள் கழிந்தபின் அவ்வெண் வேறொருவருக்குப் போய்விட்டது. அவருடைய வங்கிக் கணக்கின் செய்திகளோ அந்த எண்ணிற்கே சென்றுகொண்டிருந்தன! வங்கிக்கு நேரில் சென்று, புதிய எண்ணைப் பதிவு செய்த பின்னரே எங்கள் அச்சம் தீர்ந்தது.

எண் என்பது இன்று வெறும் அழைப்பிலக்கம் அன்று. வங்கி, எரிவாயு, ஆதார், கல்வி உதவித்தொகை ஆகிய யாவற்றிற்கும் அதுவே திறவுகோல். ஆகவே விதியை நன்கு அறிந்துகொள்ளுங்கள். தொடர்ந்து 90 நாள் ஒரு பயன்பாடும் இல்லாதிருந்தாலன்றி, பயன்படுத்தவில்லை என்னும் காரணம் காட்டி எண்ணை நீக்கலாகாது. நீக்கிய எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்தே பிறர்க்கு வழங்குவதாக 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் கூறப்பட்டது. முதியோர் நலம் கருதி, 2024 திசம்பரில் ஆணையம் மற்றொரு விதியையும் செய்தது. இணையம் வேண்டாதவர்க்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் அடங்கிய திட்டத்தை நிறுவனங்கள் அளிக்க வேண்டும். அத்தகைய திட்டத்தின் காலம் 365 நாள் வரை நீளலாம்.

நிறுவனம் பிடிக்கவில்லையெனில் என் செய்வது? எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமை 2011 சனவரி 20 முதல் நாடெங்கும் நமக்கு உண்டு. 2015 சூலை முதல் மாநிலம் விட்டு மாநிலம் சென்றாலும் அதே எண்ணை வைத்துக்கொள்ளலாம். ‘போர்ட்’ என்னும் சொல்லை ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடம் விட்டு, நம் எண்ணையும் குறித்து 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், எட்டு எழுத்தாலான ஒரு குறியீடு வரும். அதனை நான்கு நாட்களுக்குள் புதிய நிறுவனத்தின் கடையில் காட்ட வேண்டும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாளேனும் இருந்திருத்தல் வேண்டும். மாதக் கடைசியில் பணம் கட்டும் முறையினராயின் நிலுவை இருத்தல் கூடாது. பிறர் எண்ணைத் திருடும் வஞ்சகத்தைத் தடுக்க, 2024 சூலை முதல் சிம் அட்டையை மாற்றிய ஏழு நாட்களுக்குள் இக்குறியீடு தரப்படுவதில்லை.

இவ்வுரிமைக்குத் தமிழ்நாட்டில் கடுஞ்சோதனை ஒன்று நேர்ந்தது. 1999-இல் நம் மாநிலத்தில் சேவையைத் தொடங்கி, ஊர்தோறும் பரவியிருந்த ஏர்செல் நிறுவனம் கடனில் ஆழ்ந்தது. கோபுர வாடகை பற்றிய பூசலால் 2018 பிப்ரவரியில் பல இடங்களில் அதன் கோபுரங்கள் அடங்கின. அம்மாத இறுதியில் நிறுவனம் நொடிப்பு மனுவைத் தாக்கல் செய்தது. இலட்சக்கணக்கானோர் தம் எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள விரைந்தனர். அங்கேதான் இடர். எண்ணை மாற்றக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். அதனை அனுப்பவோ அலை வேண்டும். அலை இல்லாத இடத்தில் உரிமை ஏட்டளவில் நின்றது. சேவை மையங்களின் முன் மக்கள் திரண்டனர். சட்டம் ஓர் உரிமையை அளித்தால் மட்டும் போதாது, அதனைச் செலுத்தும் வழியும் இடர்க்காலத்தில் திறந்திருத்தல் வேண்டும் என்பதை நாம் அன்று கண்டோம்.

முறையீடு செய்வதற்கும் படிகள் உண்டு. முதலில் நிறுவனத்தின் உதவி எண்ணில் பதிந்து, பதிவெண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். தீரவில்லையெனில் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலர்க்கு எழுத வேண்டும். அதற்கும் மேலே, தொலைபேசிச் சேவை பற்றிய வழக்கை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மாவட்டந்தோறும் அவ்வாணையம் உண்டு.

மாணவர்களே, வலையமைப்பு வளர்வதை நான் வெறுப்பவன் அல்லன். சிற்றூர்ப் பிள்ளை தன் வீட்டுத் திண்ணையிலிருந்தே உயர்ந்த பாடத்தைக் கேட்க முடிவது பெரும் பேறு. அவ்வளர்ச்சியில் ஒருவரும் பின்தங்கி நிற்கலாகாது என்பதே என் விருப்பம். உங்களால் அதற்கு உதவ முடியும். வரும் விடுமுறையில் உங்கள் பாட்டனார், பாட்டியாரின் செல்பேசியை எடுத்து, அது எத்தலைமுறைக் கருவி என்று பாருங்கள். திட்டம் முடியும் நாளைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அவ்வெண் எந்த வங்கியோடும் அட்டையோடும் இணைந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நிபந்தனைகளைத் தமிழில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அரைமணி நேரத்தில் முடியும் வேலை இது. ஆயினும், ஒரு தாய் தன் மகனின் குரலை இழவாமல் இருப்பது அதனால் கூடும்.