மார்த்தாண்டம் தேன்: கூட்டுறவுப் பதப்படுத்தலும் அதன் நிலைபேறும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள மார்த்தாண்டத்தையும், அதைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களையும் சார்ந்து எடுக்கப்படும் தேன் மார்த்தாண்டம் தேன் எனப்படுகிறது. இது புவிசார் குறியீடு பெற்ற பொருள். சிறு தேனீ வளர்ப்போர் கூட்டுறவாகச் சேர்ந்து தேனைச் சேகரித்து, பதப்படுத்தி, விற்கும் முறை இங்கு நெடுங்காலமாக உள்ளது. கிராமப்புறத்தில் சமூகம் நடத்தும் பதப்படுத்தும் தொழில் எவற்றால் நிலைக்கிறது, எவற்றால் தளர்கிறது என்பதை அறிய இது நல்ல எடுத்துக்காட்டு.

தோற்றம்

1920-களில், அன்றைய திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பு ஊரகப் புனரமைப்பு மையம் ஒன்றைத் தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச். தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு, பனைத்தொழில் போன்ற, சிறு முதலில் செய்யக்கூடிய தொழில்கள் அங்கு கற்பிக்கப்பட்டன. தேனீ வளர்ப்போருக்கான கூட்டுறவுச் சங்கம் 1930-களில் உருவானது. 1956 நவம்பர் 1 அன்று இப்பகுதி தமிழ்நாட்டுடன் இணைந்தது.

பருவமும் பதப்படுத்தலும்

ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது, இலைக்காம்பின் நுனியில் உள்ள சுரப்பிகளில் மதுரம் சுரக்கிறது. தேனீக்களுக்கு முதன்மை உணவு பூக்களைவிட இதுவே. ஆகவே தேன் வரத்து ஆண்டின் முதல் சில மாதங்களில் குவிகிறது. மழைக்காலத்தில் வரத்து இல்லை. சர்க்கரைப்பாகு கொடுத்தே தேனீக் குடும்பங்களைக் காக்க வேண்டும்.

ரப்பர் தேனில் நீர் அதிகம். நீர் 20 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் தேன் எளிதில் புளித்துவிடும். எனவே அதை மிதமாகச் சூடாக்கி, வடிகட்டி, நீரைக் குறைக்கின்றனர். சூடு மிகுந்தால் மணமும் தரமும் கெடும்.

இங்கு ஒரு கணக்கு முக்கியமானது. 25 விழுக்காடு நீருள்ள 1,000 கிலோ தேனை 20 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தால் 937.5 கிலோதான் மிஞ்சும். எடையை மட்டும் பார்த்து எல்லாருக்கும் ஒரே விலை கொடுக்கும் சங்கம் இந்த 62.5 கிலோ இழப்பைத் தானே சுமக்கிறது. அடை மூடும்வரை காத்திருந்து கெட்டியான தேன் எடுத்தவருக்கும் அதனால் நியாயம் கிடைப்பதில்லை. கொள்முதலின்போதே நீர் அளவைச் சோதித்து அதற்கேற்ப விலை கொடுப்பதே இதற்குத் தீர்வு.

சந்திக்கும் சிக்கல்கள்

முதலாவது, நடைமுறை மூலதனம். சில மாதங்களில் வரும் தேனுக்கு உடனே பணம் தர வேண்டும். விற்பனையோ ஆண்டு முழுவதும் மெதுவாக நடக்கும். பணம் தாமதமானால் உறுப்பினர் கையில் ரொக்கம் தரும் வியாபாரியிடம் போவார். அவர் வாங்கிய கடனும் பல நேரங்களில் அந்த வியாபாரியிடமே இருக்கும்.

இரண்டாவது, ஒரே மூலத்தை நம்புவது. 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது. அத்தகைய ஆண்டில் இயந்திரம் இருந்தும் பதப்படுத்தத் தேன் இராது.

மூன்றாவது, கலப்படம். ஓர் உறுப்பினர் சர்க்கரைப்பாகு கலந்தாலும் எல்லாருடைய பெயரும் கெடும்.

நிலைத்திருக்க உதவுவன

• பருவத்துக்கு முன்பே கடன் ஏற்பாடு செய்து, கொள்முதல் நாளிலேயே விலையின் பெரும்பகுதியைத் தருதல்.
• ஆண்டு இறுதி உபரியை, ஒவ்வொருவரும் கொடுத்த தேனின் அளவுக்கேற்பப் பகிர்தல். வெளியே விற்றால் இது கிடைக்காது என்பதே சங்கத்தின் பிடிப்பு.
• உபரியில் ஒரு பகுதியை நோய்க்காலத்துக்கான நிதியாக ஒதுக்குதல். நல்ல தேனீக் குடும்பங்களைப் பெருக்கிக் காத்தல்.
• ஒவ்வொரு கலத்துக்கும் எண் இட்டு, யாருடைய தேன் என்பதைப் பதிவு செய்தல்.
• கட்டடம், பொதி செய்யும் வசதி, விற்பனைத் தொடர்பு ஆகியவற்றைத் தேன்மெழுகு, மிளகு, கிராம்பு போன்ற பிற விளைபொருட்களுக்கும் பயன்படுத்துதல்.

அரசு உதவி

2020-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் தொழில் முறைப்படுத்தும் திட்டத்தில், குழுக்களுக்குத் தகுதியான திட்டச் செலவில் 35 விழுக்காடு மானியம் வகுக்கப்பட்டது. உழவர்கள் 10 பேர் சேர்ந்து உற்பத்தியாளர் நிறுவனம் அமைக்கவும் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் மானியம் இயந்திரம் வாங்க உதவுமே தவிர, அடுத்த பருவத்திலும் உறுப்பினர் தேனைச் சங்கத்துக்கே கொண்டுவருவார் என்பதற்கு உறுதி தராது. சரியான எடை, தாமதமில்லாத பணம், எவரும் பார்க்கக்கூடிய கணக்கு ஆகிய மூன்றுமே அந்த உறுதியைத் தருகின்றன.