ஏற்ற குழு எது?

மனிதர்கள் கூடி வாழ்பவர்கள். ஒருவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பது, வேடிக்கைக்காகச் சொன்னதை வேடிக்கையாக எடுத்துக்கொள்வது, எதிரில் இருப்பவர் சலிப்படைந்துவிட்டார் என்பதை அவர் முகத்திலிருந்தே அறிவது போன்றவை எந்தப் பாடநூலிலும் இடம்பெறுவதில்லை. பெரும்பாலான பிள்ளைகள் இவற்றை யாரும் கற்பிக்காமலே பார்த்துப் பழகிக்கொள்கின்றனர். மதியிறுக்கம் உடைய பிள்ளைகளுக்கோ எழுதப்படாத இந்த விதிகள் எளிதில் புலப்படுவதில்லை. அதனால் நட்பை விரும்பும் பிள்ளையும் ஓய்வு நேரத்தில் தனியாக அமர்ந்திருக்க நேரிடுகிறது.

ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் தொற்றுநோய் அன்று. பெற்றோரின் வளர்ப்பால் ஏற்படும் குறையும் அன்று. அது மூளையின் வளர்ச்சியில் இளமையிலேயே அமைந்துவிடும் ஒரு வேறுபாடு. லியோ கானர் என்னும் மருத்துவர் 1943ஆம் ஆண்டில் 11 பிள்ளைகளைக் கூர்ந்து கவனித்து, இதைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். மதியிறுக்கம் எல்லாரிடமும் ஒரே விதமாக இருப்பதில்லை. ஒரு பிள்ளை தனக்குப் பிடித்த பொருளைப் பற்றி இடைவிடாமல் பேசும். மற்றொரு பிள்ளை பேசாமல் படங்களைச் சுட்டிக்காட்டித் தன் தேவையைத் தெரிவிக்கும். ஒருவருக்குக் கூட்டத்தின் இரைச்சல் தாங்க முடியாத வேதனையாக இருக்கும். இன்னொருவர் அதைப் பொருட்படுத்தவே மாட்டார்.

இத்தகைய பிள்ளைகள் பிறருடன் பழகக் கற்பதற்கு உதவுபவையே சமூகத்திறன் குழுக்கள். சில பிள்ளைகள் வாரந்தோறும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் கூடுவர். பேச்சு சிகிச்சையாளர், உளவியலாளர், சிறப்புக் கல்வி ஆசிரியர் போன்ற பயிற்சி பெற்ற ஒருவர் அவர்களை வழிநடத்துவார். உரையாடலைத் தொடங்குவது, விளையாட்டில் தோற்றால் சமாளிப்பது, பிடிக்காததை மறுப்பது ஆகியவற்றை அவர்கள் நடித்தும் விளையாடியும் பழகுவர். இக்குழுக்கள் பலவகைப்படும். ஆகவே, பெற்றோர் முன் நிற்கும் உண்மையான கேள்வி, தங்கள் பிள்ளைக்கு எந்தக் குழு பொருந்தும் என்பதே.

அதற்கு விடை காணும் முயற்சி பிள்ளையிடமிருந்து தொடங்க வேண்டும். எம்ஆர்டி நிலையங்களின் பெயர்களை வரிசை மாறாமல் சொல்லும் ஒரு சிறுவனை எடுத்துக்கொள்வோம். அவன் பிறந்தநாள் விருந்துகளில் எல்லாரோடும் கலகலப்பாகப் பழக வேண்டும் என்று அவன் தாயார் விரும்பலாம். அவனோ தன்னோடு ரயில்களைப் பற்றிப் பேச ஒரே ஒரு நண்பன் கிடைத்தால் போதும் என்று நினைக்கலாம். பத்துப் பேர் கூச்சலிட்டு விளையாடும் குழுவில் அவனைச் சேர்த்தால், தாயின் விருப்பமும் நிறைவேறாது. மகனின் விருப்பமும் நிறைவேறாது. பிள்ளைக்கு எது கடினம், எதில் ஆர்வம், அது எதை விரும்புகிறது என்பவற்றை முதலில் அறிந்துகொண்டால் தேடல் பாதி முடிந்துவிடும்.

ஆர்வமே நட்புக்குப் பாலமாக அமைவதற்கு லெகோ குழுக்கள் நல்ல சான்று. டேனியல் லெகாஃப் என்னும் உளவியலாளர் 2004ஆம் ஆண்டில் இம்முறையைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். இதில் ஒரு பிள்ளை பொறியாளராக இருந்து வரைபடத்தைப் பார்த்து விளக்கும். மற்றொரு பிள்ளை தேவையான கட்டைகளை எடுத்துக் கொடுக்கும். மூன்றாவது பிள்ளை அவற்றைப் பொருத்தும். பிறகு பொறுப்புகள் மாறும். மூவரும் பேசிக்கொள்ளாமல் வேலை நடக்காது. இங்கே பேச்சுக்கு ஒரு காரணம் இருப்பதால், கேட்பதும் விளக்குவதும் காத்திருப்பதும் இயல்பாகவே நிகழ்கின்றன.

குழுவில் கற்றது குழுவோடு நின்றுவிடக்கூடாது. வகுப்பறையில் அழகாக வணக்கம் சொல்லும் பிள்ளை, உணவங்காடி நிலையத்தில் வாய் திறக்காமல் நிற்பது உண்டு. ஓரிடத்தில் கற்ற திறனை வேறோர் இடத்தில் பயன்படுத்துவது மதியிறுக்கம் உடைய பலருக்குக் கடினம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பதின்ம வயதினருக்காக உருவாக்கப்பட்ட ‘பியர்ஸ்’ என்னும் பயிற்சியில் இதற்கு ஒரு வழி காணப்பட்டது. இளையர்கள் ஓர் அறையில் பயிலும் அதே வேளையில், பெற்றோர் மற்றோர் அறையில் பயில்கின்றனர். அந்த வாரம் கற்றதை வீட்டிலும் வெளியிலும் எவ்வாறு பழகச் செய்வது என்பதை அவர்கள் அறிந்துகொள்கின்றனர். சேர்வதற்கு முன், பயிலப்போகும் இளையரின் விருப்பமும் கேட்டறியப்படுகிறது.

பெற்றோர் கவனிக்க வேண்டிய மற்றொன்று, அந்தக் குழு எதைக் கற்பிக்கிறது என்பது. சில பயிற்சிகள் பிள்ளை கண்ணுக்குக் கண் பார்த்துப் பேச வேண்டும் என்றும், கைகளை அசைக்கக்கூடாது என்றும் வற்புறுத்துகின்றன. ஆனால், கண்களைப் பார்ப்பது சிலருக்குத் துன்பம் தரும். கைகளை அசைப்பதே சிலருக்கு மன அமைதியைத் தரும். அவற்றை அடக்கி நாள் முழுதும் மற்றவரைப் போல் நடிக்கும் பிள்ளை, பள்ளியில் ‘நன்றாக இருக்கிறது’ என்று பெயர் வாங்கும். வீடு திரும்பியதும் களைத்துச் சோர்ந்துவிடும், அல்லது அழுது தீர்க்கும். தன் இயல்பை நெடுங்காலம் மறைத்து வாழ்வது மனச்சோர்வுக்கும் வழிவகுக்கும்.

பழகுவதில் உள்ள இடர்ப்பாடு இரு தரப்பினருக்கும் பொதுவானது என்ற கருத்தை டேமியன் மில்டன் 2012ஆம் ஆண்டில் முன்வைத்தார். அவரும் மதியிறுக்கம் உடையவரே. மதியிறுக்கம் உடையவர் மற்றவரைப் புரிந்துகொள்ளத் தடுமாறுவது போலவே, மற்றவரும் அவரைப் புரிந்துகொள்ளத் தடுமாறுகின்றனர் என்றார் அவர். எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவூட்டியது. ஒரு கதை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குச் செவிவழியாகச் சொல்லப்பட்டது. மதியிறுக்கம் உடையவர்கள் மட்டுமே இருந்த வரிசையிலும், அஃது இல்லாதவர்கள் மட்டுமே இருந்த வரிசையிலும் கதை ஏறத்தாழ ஒரே அளவில் சென்று சேர்ந்தது. இருவகையினரும் கலந்திருந்த வரிசையில்தான் செய்திகள் கூடுதலாக விடுபட்டுப்போயின.

எனவே, ஒரு குழுவில் சேர்ப்பதற்கு முன் பெற்றோர் சில கேள்விகளைக் கேட்பது நல்லது. குழுவை நடத்துபவர் என்ன பயிற்சி பெற்றவர்? மற்றப் பிள்ளைகளின் வயதும் பேச்சுத்திறனும் எப்படிப்பட்டவை? அறை இரைச்சலாக இருந்தால், பிள்ளை சற்று விலகி ஓய்வெடுக்க இடம் உண்டா? முன்னேற்றம் எவ்வாறு அளக்கப்படுகிறது? இயன்றால் ஒருமுறை நேரில் சென்று பார்க்கலாம். சேர்ந்த பிறகு, வீடு திரும்பும் பிள்ளையின் முகமே நல்ல சான்று. புதிய இடம் என்பதால் தொடக்கத்தில் தயங்குவது இயல்பு. பல வாரங்களுக்குப் பின்னும் கிளம்பும்போதெல்லாம் பிள்ளை அழுதால், குழு பொருந்தவில்லை என்று கருதி வேறு வழி தேடலாம்.

சிங்கப்பூரில் இத்தேடலுக்குத் துணை உண்டு. கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் குழந்தை வளர்ச்சிக்கான பிரிவுகள் உள்ளன. 2000ஆம் ஆண்டில் ஆட்டிசம் வள நிலையம் அமைக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டில் பாத்லைட் பள்ளி தொடங்கப்பட்டது. மலேசியாவில் 1986ஆம் ஆண்டு முதல் தேசிய ஆட்டிசம் சங்கம் செயல்பட்டு வருகிறது. பொதுப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் முதலில் வகுப்பாசிரியரையும் பள்ளி ஆலோசகரையும் அணுகலாம்.

எனினும், வாரத்தில் ஒரு மணி நேரம் கூடும் குழுவைவிட, நாள்தோறும் பல மணி நேரம் கூடும் குழு ஒன்று உண்டு. அதுதான் வகுப்பு. மதியிறுக்கம் உடைய மாணவர் ஒருவர் பேசுவதற்குச் சற்று நேரம் எடுத்தால், மற்றவர்கள் காத்திருக்கலாம். சுற்றி வளைக்காமல் நேரடியாகச் சொல்லலாம். திட்டம் மாறினால் முன்கூட்டியே தெரிவிக்கலாம். உணவு வேளையில் தங்கள் மேசையில் ஓர் இடம் வைத்து அழைக்கலாம். அவர் தனியாக இருக்க விரும்பினால் அதையும் மதிக்கலாம். பழகக் கற்கும் பொறுப்பை அவர் ஒருவரே சுமக்க வேண்டியதில்லை. வகுப்பும் அதில் பங்கெடுத்தால், குழுவில் கற்றதைப் பயன்படுத்த அவருக்கு ஓர் இடம் கிடைக்கும்.