வானத்தில் நம் விலாசம்

காலக்ஸிகள் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. கூட்டங்களே கூட்டம் சேர்ந்தால் சூப்பர் க்ளஸ்டர். இதற்கு எல்லைக்கோடு எங்கே போடுவது? 2014-ல் ஹவாய் பல்கலைக்கழகத்து ப்ரென்ட் டல்லி குழுவினர் போட்ட விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மலைமுகட்டில் விழும் மழையில் ஒரு சொட்டு கிழக்கே ஓடும், அடுத்தது மேற்கே. ஒரே ஆற்றில் போய்ச் சேர்பவை ஒரே படுகை. இதையே காலக்ஸிகளுக்குச் செய்தார்கள். 8,000 சொச்சம் காலக்ஸிகளின் வேகத்தில், பிரபஞ்சம் விரிவதால் வரும் பங்கைக் கழித்தார்கள். மிச்ச வேகம் எந்தத் திசையில் என்று பார்த்தார்கள். ஒரே பக்கம் சரிகிறவை எல்லாம் ஒரு குடும்பம்!

நம் குடும்பத்தின் பெயர் லானியாக்கியா. ஹவாய் மொழியில் 'அளவற்ற வானம்'. குறுக்களவு சுமார் 50 கோடி ஒளி ஆண்டு. அதில் லட்சம் காலக்ஸிகள். நம் பால்வீதி ஓரத்தில், புறநகர் ஃப்ளாட் மாதிரி.

உடனே லெட்டர்ஹெட் அடித்துவிடாதீர்கள். லானியாக்கியாவே ஷாப்லி என்ற இன்னும் பெரிய படுகையின் ஒரு பகுதியாக இருக்கலாம் என்கிறது 2024-ல் வந்த ஓர் ஆய்வு. தவிர, இந்தக் குடும்பம் நிலைக்காது. ஈர்ப்பு சேர்ப்பதைவிட, பிரபஞ்ச விரிவு பிரிப்பதுதான் அதிகம். பல நூறு கோடி வருஷங்களில் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். ஆண்ட்ரோமீடா மாதிரி அண்டை வீட்டுக்காரர்கள் சிலர்தான் கடைசி வரை கூட இருப்பார்கள்.

கூட்டுக்குடும்பம் அங்கேயும் உடைகிறது ஸார்.