கம்போடிய வகுப்பறையில் ஆங்கிலம்

1980களில் கம்போடியப் பள்ளிகளில் வியட்நாமியமும் ரஷ்ய மொழியுமே அயல்மொழிகளாக விளங்கின. 1992இல் ஐக்கிய நாடுகளின் இடைக்கால ஆட்சிக்குழு வந்தபின் ஆங்கிலத்தின் தேவை பெருகியது. 1999இல் அந்நாடு ஆசியானில் இணைந்ததும் அது நிலைபெற்றது. வாழ்க்கைச் செலவு குறைவென்பதால் மேலைநாட்டு இளைஞர் பலர் ஆசிரியப் பணி நாடி நோம்பென் செல்கின்றனர். ஆங்கிலம் தாய்மொழியாயிருப்பதே போதிய தகுதி என்பாரும் உளர். அக்கருத்து நமக்கு உடன்பாடன்று.

கெமர் மொழியில் வினைச்சொல் காலத்திற்கேற்ப உருமாறுவதில்லை. 'தௌ' என்பதே போனேன், போகிறேன், போவேன் ஆகிய மூன்றுக்கும் பொது; 'நேற்று' என்னும் சொல்லே இறந்தகாலத்தை உணர்த்திவிடும். எனவே 'ஐ கோ மார்க்கெட் எஸ்டர்டே' என்னும் மாணவன் தன் தாய்மொழி மரபின்படியே பேசுகிறான். அவனுக்குக் கிடைப்பதோ கவனமற்றவன் என்னும் பழி. பத்து முறை திருத்தினாலும் பதினோராம் முறை 'கோ'தான் வரும்.

வினைமுற்றிலேயே காலத்தையும் இடத்தையும் காட்டிப் பழகிய தமிழர்க்கு இது வியப்பளிக்கலாம். மலாய் அறிந்தோர்க்கு அவ்வியப்பு நீடிக்காது, 'பெர்கி'யும் அத்தகையதே. கெமர் வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, 'நேற்று' என்பதன் கீழ்க் கோடிட்டு, அதே காலத்தை ஆங்கிலம் வினையிலும் ஒருமுறை காட்டச் சொல்கிறது என விளக்கலாம். அதற்கு ஆசிரியரும் சிறிதேனும் கெமர் கற்றிருத்தல் வேண்டும்.